சஹானா: கூட்டுமுயற்சியில் எழுந்த மென்பொருள்

கணினி மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் தனிப்பெரும் வல்லுநர்களினதும் பெருநிறுவனங்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இடமளிக்கும் திறந்த மூல மென்பொருளின் வரலாறோ பலருடைய சிறு பங்களிப்புக்களின் தொகுப்பாகும். இலங்கையில் தோன்றிய 'சஹானா' இதற்குத் தக்க சான்று.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பல இலட்சம் மக்களை இடம்பெயரச் செய்தது. காணாமற்போனோர் யாவர், எம்முகாமில் எவர் உளர், எவ்விடத்தில் எப்பொருள் தேவை என்பனவற்றை ஒருங்கே அறிதல் அரிதாயிற்று. இந்நிலையில் இந்நாட்டின் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடிச் சில வாரங்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்கான பதிவேடுகள் அதன் முதன்மையான உறுப்புக்களாக அமைந்தன.

அவசரத்தில் ஆக்கப்பட்ட கருவிகள் அவசரம் தணிந்ததும் மறக்கப்படுதல் இயல்பு. சஹானா அவ்வாறு மறையாமைக்கு அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டமையே முதற்காரணம் எனலாம். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் பின்னரும், 2006 இல் பிலிப்பைன்சின் மண்சரிவு, இந்தோனேசியாவின் நிலநடுக்கம் ஆகியவற்றின் பின்னரும், 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநலத் திட்ட விருதை அதற்கு வழங்கியமையும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இத்தகைய பணியிற் பங்குகொள்ளும் முறை யாது? முதலில் மென்பொருளைப் பயன்படுத்திப் பழகுதல் வேண்டும். குறை தென்படின், செய்தது யாது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்பவற்றைப் பிறரும் சோதித்தறியுமாறு தெளிவாக எழுதுதல் இரண்டாம் படி. அடுத்து, சிறியதொரு திருத்தத்தைச் செய்து மூலநிரலைப் பேணுவோரின் பரிசீலனைக்கு அனுப்பலாம். அவர்கள் ஏற்பின் அது பொதுச்சொத்தாகிறது. திருப்பியனுப்பின் அதனை இகழ்ச்சியெனக் கொள்ளாது செம்மைப்படுத்தி மீண்டும் அனுப்புதலே மரபு.

நிரலெழுதத் தெரியாதோர்க்கு இங்கு இடமில்லை என்பது பிழையான எண்ணம். ஒருவரின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதியப்படும்போது, எழுத்து வேறுபாட்டால் ஒருவரே இருவராகத் தோன்றக்கூடும். பதிவேட்டில் அவரைத் தேடும் தாய்க்கு அவ்வேறுபாடு சிறிதன்று. அதனை உணர்த்தவல்லோர் மொழியறிந்தோரே. மொழிபெயர்ப்பும் பயன்பாட்டு விளக்கமும் அவ்வாறே கலைத்துறையினரின் உழைப்பை வேண்டிநிற்பன.

அனர்த்த வேளையில் உதவிக்கரங்கள் பலவாக எழும். ஆனால் அடுத்த அனர்த்தத்தில் பிழையின்றி இயங்கவேண்டிய கருவி, அனர்த்தமற்ற சாதாரண நாட்களிலேயே செப்பஞ்செய்யப்படவேண்டும். சஹானாவின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.