கூழுக்குப் பின் வந்த குவளை: திருப்பூர் வட்டாரத்தில் காப்பியும் தேநீரும்

கொங்கு நாட்டில் யந்திரத்தால் நூல் நூற்கும் தொழிலைத் தொடங்கி வைத்தவர் யார் என்று கேட்டால், 1888-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் எழக் காரணமாயிருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரைப் பலரும் சொல்வார்கள். ஆனால் அவர் பஞ்சுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, மலைகளில் விளைந்த காப்பிக் கொட்டையை வாங்கிக் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்துச் சீமைக்கு அனுப்பும் வியாபாரத்தில் இறங்கியிருந்தவர் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. காப்பியும் ஆலைப் பருத்தியும் இந்த வட்டாரத்தில் ஒரே முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்றவை. எனினும் ஆலை இந்த ஜனங்களின் உழைப்பை உடனே எடுத்துக்கொண்டதே தவிர, காப்பி அவர்கள் வாய்க்கு வந்து சேர இன்னும் ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

அதுவரை அவர்கள் எதைக் குடித்தார்கள்? திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் ஆகிய பகுதிகள் மழை குறைந்த மேட்டு நிலம். கம்பும் சோளமும் ராகியுமே அங்கே விளைபவை. விடியுமுன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கப் போன குடியானவன், வெயில் ஏறியதும் வரப்பில் உட்கார்ந்து குடித்தது கம்பங்கூழ். அது இல்லாதபோது மோர், அல்லது இரவெல்லாம் ஊறிய சோற்று நீர். இவற்றில் ஆகாரம் வேறு, பானம் வேறு என்ற பேதம் கிடையாது. தாகம் தணிக்கும் கலயமே பசியையும் தணித்தது. பின்னால் வந்த பானங்களின் நன்மை தீமைகளை ஆராயப் புகுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

காப்பியின் உலக யாத்திரையோ இதற்கு முற்றிலும் வேறான நோக்கத்தோடு தொடங்கியது. எத்தியோப்பிய மலைகளில் தோன்றிய அந்தச் செடியின் கொட்டையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு ஸூஃபி ஞானிகள் காய்ச்சிக் குடித்தது பசிக்கும் அன்று, ருசிக்கும் அன்று. இரவு முழுவதும் தியானத்தில் கண் விழித்திருப்பதற்காகவே குடித்தார்கள். 1511-இல் மக்கா நகரின் அதிகாரி கைர் பேக் அதைத் தடை செய்ய முற்பட்டபோது, சமய அறிஞர்களோடு வைத்தியர்களையும் அழைத்து, அது தேகத்துக்குக் கெடுதல் என்று சாட்சி சொல்ல வைத்தார். தடை நெடுநாள் நிற்கவில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பரில் காப்பிக் கடைகளை மூடும்படி பிறப்பித்த ஆணையும், ஜனங்களின் எதிர்ப்பினால் சில நாட்களுக்குள்ளேயே கைவிடப்பட்டது. இரு இடங்களிலும் அதிகாரிகள் அஞ்சியது பானத்தைக் காட்டிலும், அதைச் சுற்றிக் கூடி விழிப்போடு பேசும் மனிதரைத்தான். ஆரோக்கியம் என்பது பல வேளைகளில் அந்த அச்சத்துக்கு ஒரு போர்வையாக இருந்தது.

நம் தேசத்துக்குக் காப்பியைக் கொணர்ந்த பெருமையை மரபு பாபா புடன் என்னும் ஸூஃபி பெரியாருக்கு அளிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அவர் அரபு நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பர். தோட்டப் பயிராக அது பெருகியது ஆங்கிலேயர் காலத்தில்: சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் அதைப் பயிரிட்டார், பின்னர் நீலகிரியும் வயநாடும் தொடர்ந்தன. கடலுக்கு அப்பால் இலங்கையின் மலைகளைக் காப்பித் தோட்டங்களாக்கத் தமிழ்நாட்டுக் கூலிகள் பெருந்திரளாகச் சென்றனர். 1869-இல் அங்கே தோன்றிய இலைத் துருநோய் சில ஆண்டுகளில் காப்பியை அழித்துவிடவே, அதே மண்ணில் தேயிலை ஏறியது. அதே கூலிகளின் கைகள் கொழுந்து பறிக்கப் பழகின. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி அவர்களுடைய சந்ததியார் பல லட்சம் பேர் தாயகம் திரும்ப நேர்ந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களும், வேறு சிலருக்குச் சமவெளியின் நூற்பாலைகளும் பிழைப்பளித்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் இல்லங்களில் நுழைந்தது. முதலில் நகரத்துப் பிராமணர், உத்தியோகஸ்தர் வீடுகள்; அடுத்து ரயில் நிலையங்களும் காப்பி கிளப்புகளும்; கடைசியாகவே கிராமங்கள். கொங்குக் குடியானவர் வீட்டில் அது விருந்தாளி வந்தால் மட்டும் அடுப்பேறும் பண்டமாக நெடுங்காலம் இருந்தது. பால் சேர்க்காமல் கருப்பட்டியோ வெல்லமோ இட்ட வரக்காப்பியே அவர்களுக்குக் கைவந்தது. காலையில் நீராகாரம் குடித்து வந்த தமிழர் காப்பிக்கு அடிமையாகிறார்களே என்று அக்காலத்துப் பத்திரிகைகள் அங்கலாய்த்தன. அந்த அங்கலாய்ப்பில் பழமைப் பற்று மிகுதி. ஆயினும் சத்துள்ள ஓர் ஆகாரம் இருந்த இடத்தில் சத்தற்ற ஒரு பானம் வந்து அமர்கிறது என்ற உண்மையும் அதில் பொதிந்திருந்தது.

திருப்பூர் அப்போது கதர் இயக்கத்தின் தமிழகத் தலைமையிடமாகத் திகழ்ந்தது. 1925-இல் காந்தியடிகள் அகில பாரத சர்க்கா சங்கத்தைத் தோற்றுவித்தபோது அதன் தமிழ்நாட்டுக் கிளைக்கு இந்த ஊரே மையமாயிற்று. அவரோ தேயிலை, காப்பி, கோகோ ஆகிய மூன்றும் தேகத்துக்கு அவசியமற்றவை என்ற கொள்கையுடையவர்; 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலிலும் அதையே வலியுறுத்தினார். அவருடைய கதரை ஏற்ற ஊர் இந்த உபதேசத்தை ஏற்கவில்லை. காரணம், அதே 1925-ஐ ஒட்டித்தான் திருப்பூரில் முதல் பனியன் கம்பெனி குலாம் காதர் என்பவரால் தொடங்கப்பட்டது என்பது இவ்வூரார் கூறும் வரலாறு. கைராட்டை தன் இஷ்டம்போல் நிற்கும், யந்திரம் அப்படி நிற்பதில்லை.

யந்திரத்தின் கடிகாரத்துக்கு இசைந்த பானம் காப்பியன்று, தேநீரே என்று நிர்ணயித்ததில் வியாபாரிகளின் முயற்சிக்குப் பெரும் பங்குண்டு. 1903-இல் தேயிலை வரிச் சட்டம் வந்தது முதல், அந்த வரிப் பணத்தைக்கொண்டு தேசமெங்கும் தேநீர்ப் பிரசாரம் நடந்தது. முதல் உலக யுத்த காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தொழிலாளருக்குத் தேநீர் வழங்கும் ஏற்பாடுகள் பரவின. 1930-களில் தோன்றிய, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. யந்திரம், சிறிதளவு இட்டாலே கருஞ்சிவப்பாகச் சாயம் இறங்கும் மலிவான தூளை அளித்தது. பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய காப்பி வீட்டுக்கும் ஓட்டலுக்கும் உரியதாயிற்று. கொதிக்கும் பாய்லரிலிருந்து நொடியில் ஆற்றித் தரப்படும் டீ தெருவுக்கும் தொழிற்கூடத்துக்கும் உரியதாயிற்று. கிராமத்து டீக்கடைகளில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த கொடுமை இவ்வட்டாரத்திலும் நெடுங்காலம் நிலவியது என்பதையும் இந்தச் சரித்திரம் மறைத்தல் ஆகாது.

1970-களின் இறுதியில் அயல்நாட்டு ஏற்றுமதி தொடங்கியபின் திருப்பூர் வேறோர் ஊராயிற்று. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி, அயர்ன், பேக்கிங் என்று வேலை பல கைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கையும் ஒரு சிறு கம்பெனியாகவே அமைந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் கேன்டீன் வேண்டும் என்றது. சந்துதோறும் இருபது முப்பது பேரோடு ஓடிய கூடங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே கேன்டீனின் ஸ்தானத்தைத் தெருமுனை டீக்கடையும் பேக்கரியும் வகித்தன. காலை எட்டரைக்கு ஏறும் வேலை, கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய அவசரத்தில் இரவு எட்டரை வரை நீளும்போது, அந்த ‘ஒன்றரை ஷிப்டை’த் தாங்கி நின்றவை டீயும் ஒரு வடையும்தான். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் சங்கங்கள் முதலாளிகளோடு செய்துகொண்டு வந்திருக்கும் ஊதிய ஒப்பந்தங்களில், கூலியோடும் பஞ்சப்படியோடும் டீச் செலவுக்கான ‘டீ பேட்டா’வும் ஓர் இனமாக இடம்பெறுவது, இப்பானம் இங்கே உபசாரம் என்ற நிலையைக் கடந்து உழைப்பின் மூலப்பொருள்களில் ஒன்றாகிவிட்டதற்குச் சான்று.

இனி ஆரோக்கியத்தைப் பற்றி விஞ்ஞானம் சொல்வதைப் பார்ப்போம். காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீனை 1819-இல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரூங்கே. அது மூளையில் அயர்வை அறிவிக்கும் அடினோசின் என்னும் பொருளின் இடத்தை மறித்துக்கொள்கிறது. அதாவது களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் செய்கிறது. உட்கொண்ட கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்த டீயின் பாதி வேகம் இரவு பதினொன்றுக்கும் உறக்கத்தோடு போராடிக்கொண்டிருக்கும். மற்றபடி மிதமாகக் குடிப்போருக்குக் காப்பி தீங்கானது என்று இன்றைய ஆராய்ச்சிகள் கூறவில்லை. 1991-இல் மூத்திரப்பையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்பட்ட காப்பியை, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் அந்த ஐயத்திலிருந்து விடுவித்தது. அதே சமயம், எந்தப் பானமாயினும் 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்று எச்சரித்தது. பாய்லரிலிருந்து இறங்கியதை ஐந்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டுத் தையல் யந்திரத்துக்கு ஓடுகிறவர் கவனிக்க வேண்டியது இந்த எச்சரிக்கை.

அதைவிட முக்கியமானது இரும்புச் சத்து. உணவோடு குடிக்கும் காப்பியும் தேநீரும், காய்கறி தானியங்களிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. ஆகையால்தான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினர் ரத்தசோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. தேநீரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று. ஆனால் பெண்களே மிகுதியாக உழைக்கும் ஓர் ஊரில், காலை உணவுக்குப் பதிலாக ஒரு டீ, மதியச் சாப்பாட்டின்மேல் ஒரு டீ என்ற கிரமம் ஏற்கெனவே குறைந்துள்ள சத்தை மேலும் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை.

ஸூஃபி ஞானி காப்பியைக் குடித்து விழித்திருந்தது தன் சித்தப்படி. ஒன்றரை ஷிப்டுக்காரர் டீ குடித்து விழித்திருப்பது பிறர் குறித்த கெடுவின்படி. முன்னோர்கள் காப்பியைப் பழித்தபோது அவர்கள் இழப்பாகக் கருதியது கூழை. இன்று நாம் கணக்கெடுக்க வேண்டியது கூழோடு உறக்கத்தையும் சேர்த்து. பானத்தை நிறுத்தச் சொல்லும் உபதேசத்தால் பயனில்லை என்பதை மக்கா முதல் திருப்பூர் வரை சரித்திரம் காட்டிவிட்டது. டீக்கு ரொக்கம் பெற்றுத் தந்த ஒப்பந்தங்கள், நிதானமாக உட்கார்ந்து காலை ஆகாரம் உண்ண அரை மணியையும், இரவு வேலைக்கு ஓர் எல்லையையும் அடுத்த முறை பெற்றுத் தருமானால், அதன்பின் குடிக்கும் குவளையைக் குறித்து எந்த வைத்தியரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிராது.