கார் டயர்: சட்டத் தேவைகளும் உத்திரமேரூர்ச் சாலைகளும்

இந்தியாவில் காருக்கு எந்த டயரை மாட்டலாம், எதுவரை ஓட்டலாம் என்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் வந்த 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும், இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரங்களும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு சாய்வு கண்ணில் படும். டயர் தொழிற்சாலை வாசலைத் தாண்டும் வரை சட்டம் விழிப்பாக இருக்கிறது. வண்டியில் ஏறி ஓடத் தொடங்கிய பிறகு அதைப் பார்க்கும் பொறுப்பு அநேகமாக ஓட்டுபவர் தலையில் மட்டும் விழுகிறது. இந்தச் சாய்வைக் காண காஞ்சிபுரம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஒரகடத்தில் அப்பல்லோவின் பெரிய டயர் ஆலை இருக்கிறது. அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே இறங்கினால் உத்திரமேரூர் வட்டாரம்: ஏரிப் பாசன ஊர்கள், கல்குவாரிகள், ஜல்லி லாரி ஓடும் சாலைகள், கடைத்தெருவில் ஒரு வல்கனைசிங் கடை.

ஆலைப் பக்கத்து விதிகளில் குறை சொல்ல அதிகமில்லை. கார் டயர் ஐ.எஸ். 15633 தரத்துக்கு உட்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. 2022-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 95-ஆம் விதியைத் திருத்தி, டயர் உருளும்போது ஏற்படும் தடை, ஈரத்தில் பிடிமானம், எழும் ஓசை ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைத்தார்கள். புதிய வடிவமைப்புகளுக்கு அது 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023-இலும் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. ஈரப்பிடி கணக்கில் சேர்ந்ததைப் பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அதைவிட வேண்டியது வேறில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் எல்லாம் புது டயருக்கு.

ஓடும் டயருக்கு உள்ளது 94-ஆம் விதி. தேய்ந்தோ கிழிந்தோ உள்ளிருக்கும் இழை வெளியே தெரிந்தால் அந்த டயர் நல்ல நிலையில் இல்லை. எங்காவது வீங்கியோ உருக்குலைந்தோ இருந்தாலும் அப்படியே. வெளியே போட்ட ஒட்டு, வல்கனைஸ் செய்ததாக இல்லாவிட்டாலும் செல்லாது. காரின் டயர் பள்ளத்துக்கு 1.6 மில்லிமீட்டரும், இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டரும் குறைந்தபட்ச ஆழம். இதை அறியக் கருவிகூட வேண்டாம். பள்ளத்துக்குள் சின்ன மேடுகளாகத் தேய்மான அடையாளம் வார்க்கப்பட்டிருக்கும், அது எங்கே இருக்கிறது என்பதைப் பக்கவாட்டில் ஒரு முக்கோணம் காட்டும். தரையைத் தொடும் பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அளவும் நம் விருப்பத்துக்கு விட்டதல்ல. டயரில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்றும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை பொறுக்கும் என்றும் பொருள். தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைந்த தாங்குதிறன் கொண்ட டயரை விலை மலிவு என்று மாட்டக் கூடாது. தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அப்பிரிவை இறுக்கமாகவே படித்தது. ஆனால் டயரின் வயதைப் பற்றி 94-ஆம் விதியில் ஒரு சொல்லும் இல்லை. பக்கவாட்டில் 2319 என்று பொறித்திருந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது; சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து வரும் டயரை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நான்கு இலக்கங்களை.

விதி இருக்கிறது, பார்ப்பவர் யார்? டாக்சி, வேன், லாரிகளுக்குத் தகுதிச் சான்று (எப்.சி.) உண்டு: 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கொரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும். அதைப் புதுப்பிக்கும் நாள் வரை எந்த ஆய்வாளரும் அந்த டயரைக் குனிந்து பார்க்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குள் வண்டி பல செட் டயர்களைத் தின்றிருக்கும். இடைப்பட்ட காலத்துக்குச் சட்டம் நம்புவது 190-ஆம் பிரிவை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதோடு, ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் 1,500 ரூபாய் வரை அபராதம். அதனால் விபத்து நேர்ந்து ஒருவர் காயப்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டயர் வெடித்ததை இறைவன் செயல் என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து காப்பீட்டு நிறுவனம் தப்ப முடியாது என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்தப் போக்கில்தான். நியாயமான சட்டமே. ஆனால் விபத்துக்குப் பிறகு விழித்துக்கொள்ளும் சட்டம்.

1.6 மி.மீ. உலகம் ஏற்ற அளவு, பிரிட்டனிலும் அதுதான், ஆகவே நம் விதியில் குறையில்லை என்று ஒரு வாதம் எழலாம். எண்ணில் குறையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிட்டனில் கார் 3 வயதை எட்டியதும் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது, அங்கே பள்ளத்தின் ஆழமும் பார்க்கப்படுகிறது. எண்ணை வாங்கிக்கொண்ட நாம் அளப்பவரை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த எண்ணும் கடைசி எல்லைதானே ஒழிய, பாதுகாப்பான இடமல்ல. புது டயரில் 7, 8 மி.மீ. இருக்கும் பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே இறங்கும்போதே ஈரச்சாலையில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடிவிடுகிறது. ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் தேங்கும் ஐப்பசி கார்த்திகையில், சிந்திய ஜல்லி டயரைக் கீறும் குவாரிச் சாலைகளில், அந்த எல்லைவரை ஓட்டலாம் என்று நினைப்பது தவறு.

சொந்தக் காரின் டயரையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்பதற்கு எழும் இன்னொரு மறுப்பு கனமானது. விவசாயத்துக்குப் பழைய கார் வைத்திருப்பவர்மேல் இன்னொரு சோதனை, இன்னொரு கட்டணம், காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இன்னொரு அலைச்சல் என்றால் அது அநீதி. மெய்தான். அதனால்தான் புதிய அலுவலகம் எதையும் கேட்க வேண்டியதில்லை. புகைச் சான்றுக்காக ஒவ்வொரு காரும் ஏற்கெனவே ஆண்டுக்கு ஒரு முறையோ, பழைய வண்டியானால் 6 மாதத்துக்கு ஒரு முறையோ ஒரு நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும். 2017 ஆகஸ்ட் முதல் 2024 வரை அந்தச் சான்று உச்ச நீதிமன்ற ஆணையால் காப்பீட்டுப் புதுப்பித்தலோடும் பிணைந்திருந்தது. அதே நிலையத்தில் ஆழமானி ஒன்றைப் பள்ளத்தில் வைத்து, நான்கு டயரின் அளவையும் அதே சான்றில் எழுதித் தரலாம். கருவி சில நூறு ரூபாய். வேலை ஐந்து நிமிடம். குறைவாக இருந்தால் அபராதம் வேண்டாம், எழுத்தில் எச்சரிக்கை போதும். தெரியாது என்று பிறகு சொல்ல முடியாதபடி 190-ஆம் பிரிவுக்கு அந்தத் தாளே சாட்சியாகும்.

மாற்று டயரான ஸ்டெப்னி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் வண்டியிலேயே இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. ஆணி குத்திய ஓட்டைக்கு அந்தப் பசை போதும். ஜல்லி கீறிப் பக்கச் சுவர் கிழிந்த டயரை அது காப்பாற்றாது. உத்திரமேரூர் வட்டாரத்தில் குவாரிகள் உள்ள சாலவாக்கம் பக்கம் இரவில் போய்வருகிறவர், சட்டம் விலக்கு தந்தாலும், கார் வாங்கும்போது ஸ்டெப்னி உள்ள மாதிரியையே கேட்டு வாங்குவது நல்லது.