களம் முதலில், கல்லூரி பிறகு: தமிழ் லுத்தரன் குருத்துவப் பயிற்சியின் வரிசை குறித்து

தமிழ் லுத்தரன் சபைகளில் குருத்துவத்துக்கு ஆயத்தமாகும் இளைஞர் இன்று கடந்துவரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். படிப்பை முடித்ததும் திருச்சபையின் பரிந்துரையோடு இறையியல் கல்லூரியில் சேர்கிறார். செராம்பூர் செனட் வழங்கும் பி.டி. பட்டம் பெறுகிறார். பிறகு சபையில் சில காலம் பயிற்சி ஊழியராக இருந்து அபிஷேகம் பெறுகிறார். கல்லூரி முதலில், களம் பிறகு. தரங்கம்பாடியில் இந்தப் பயிற்சி தொடங்கியபோது வரிசை இதற்கு நேர்மாறாக இருந்தது. பழைய வரிசைக்குத் திரும்புவதே நல்லது என்பது இக்கட்டுரையின் வாதம். ஆனால் அந்த வரிசை ஏன் கைவிடப்படத் தகுந்ததாயிற்று என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். களப்பயிற்சியைப் போற்றுவோர் பெரும்பாலும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

லுத்தரன் மரபில் குருமாரின் கல்வி பற்றிய கவலை பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் பிறந்ததல்ல. 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்த லுத்தர், கிராமத்து மக்களுக்கு அடிப்படை உபதேசமே தெரியவில்லை என்பதையும், அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய குருமார் பலருக்கு அதற்கான திறன் இல்லை என்பதையும் கண்டு அதிர்ந்தார். அடுத்த ஆண்டே சிறிய ஞானோபதேசம் வெளிவந்தது. லுத்தரன் சபையின் முதன்மையான பாடநூல் ஒரு களஆய்வின் விளைவு என்பதை நம் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. 1539இல் லுத்தர் இறையியல் கற்கும் முறையைப் பற்றி எழுதியபோது பிரார்த்தனை, தியானம், சோதனை என்று மூன்றைக் குறிப்பிட்டார். முதலிரண்டுக்கும் கல்லூரியில் நேரம் ஒதுக்கலாம். மூன்றாவதற்கு அட்டவணை போட முடியாது. அது சாவு வீட்டிலும் பஞ்சகாலத்திலும் எதிர்த்துப் பேசுபவனின் முன்னிலையிலும் நேர்வது.

1706 ஜூலை 9 அன்று டேனிஷ் மிஷனின் மிஷனரிமாரான சீகன்பால்கும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஹாலேயில் பிராங்கேயின் பக்தி இயக்கத்தோடு தொடர்புடைய சீகன்பால்கு, இங்கே வந்ததும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரல்வைத்துத் தமிழ் எழுத்துக் கற்றார். இரண்டே ஆண்டுகளில், தாம் படித்த தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளுடன் ஒரு பட்டியல் எழுதும் அளவுக்கு வளர்ந்தார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி அவர்களிடமிருந்து கடிதங்களாகப் பதில் பெற்றார். ஊழியம் செய்யப்போகிறவர் முதலில் அவ்வூரின் மாணவராக வேண்டும் என்ற நெறியை அவர் கொள்கையாக எழுதிவைத்தாரோ இல்லையோ, வாழ்ந்து காட்டினார். ஹாலேக்கு இது முழுக்கப் பிடிக்கவில்லை. 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூல் 1867 வரை அச்சேறாமல் கிடந்தது.

1716இல், அவர் காலத்திலேயே, தரங்கம்பாடியில் உள்நாட்டு ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. ஆனால் மெய்யான பயிற்சி அப்பள்ளியின் சுவர்களுக்குள் அடங்கியதன்று. தேர்ந்தவர் முதலில் பள்ளி ஆசிரியராகவோ உதவி உபதேசியாராகவோ ஆவார், பிறகு உபதேசியார். ஊர் ஊராகப் போவது, வழியில் வாதிடுவது, திருமுழுக்குக்கு ஆயத்தப்படுவோருக்குக் கற்பிப்பது, நோயாளியைப் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது எல்லாம் அவர் வேலை. குறித்த காலங்களில் தரங்கம்பாடிக்குத் திரும்பிவந்து, போன இடத்தில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று மிஷனரிமாரிடம் அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கைகளில் பல ஜெர்மன் மொழியில் ஹாலேயில் அச்சாகி ஐரோப்பா முழுதும் வாசிக்கப்பட்டன. பதில் சொல்லத் தெரியாமல் திகைத்த கேள்வியோடு திரும்பி வந்து, அக்கேள்வியை முன்வைத்துப் பாடம் கேட்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையான ஒன்று இன்றைய பாடத்திட்டத்தில் இல்லை. இன்றைய மாணவர் பதில்களை முதலில் கற்று, அவற்றுக்குரிய கேள்விகளைப் பல ஆண்டுகள் கழித்துக் குருசேகரத்தில் சந்திக்கிறார்.

ஆரோன் இந்த வழியில் வந்தவர். கடலூர்க்காரர், வேளாளர், இயற்பெயர் ஆறுமுகம். 1718இல் சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்று, ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பதினைந்து ஆண்டுகள் உழைத்தபின் 1733 டிசம்பர் 28 அன்று அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டண்ட் குரு அவரே. மாயவரம் பகுதியில் ஊழியம் செய்து 1745இல் மறைந்தார். அவரைப் பற்றிய நூற்றாண்டு விழாப் பேச்சுகளில் 'முதல்' என்ற சொல்லே ஓங்கி ஒலிக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதினைந்து ஆண்டுகள்தான்.

இங்கே நிறுத்திவிட்டால் பழைய முறைக்கு ஒரு புகழுரை எழுதி முடித்துவிடலாம். அப்படி முடிக்கவிடாமல் ராஜநாயக்கன் குறுக்கே நிற்கிறார்.

தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்தவர் ராஜநாயக்கன். கத்தோலிக்கராயிருந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாடு கைக்கு வந்து அதைப் படித்ததன் பயனாகத் தரங்கம்பாடியைத் தேடி வந்தார். ஐரோப்பிய மிஷனரிகள் விரும்பியபடி தஞ்சை நாட்டுக்குள் நுழைய முடியாத காலம் அது. அங்கே சபை வளர்ந்ததென்றால் அதற்கு முதன்மைக் காரணம் ராஜநாயக்கனும் அவரைப் போன்ற உபதேசியார்களும்தான். அடியும் மிரட்டலும் பட்டு, 1771இல் இறக்கும்வரை அவர் அந்த ஊழியத்தில் நின்றார். களமே பள்ளி என்றால், லுத்தர் சொன்ன சோதனையே தகுதி என்றால், இவரைவிடத் தேறியவர் எவருமில்லை. இருந்தும் 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தபோது தியோகு என்ற உபதேசியார் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் பறையர் வகுப்பில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனரிமார் அஞ்சினார்கள்.

இந்த முடிவை மிஷனரிமாரின் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எளிது. கோழைத்தனமும்தான். ஆனால் அதற்குள் பயிற்சிமுறை பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. களம் ஊழியரை வளர்க்கிறது. அதே களம் அவருக்குத் தீர்ப்பும் வழங்குகிறது. அத்தீர்ப்பு நற்செய்தியின் அளவுகோலால் வந்ததா, ஊரின் அளவுகோலால் வந்ததா என்று பிரித்துக் காட்ட அன்றைய ஏற்பாட்டில் எவருமில்லை. ஒழுங்காக அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கக் கூடாது என்கிறது 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் பதினான்காம் பிரிவு. அழைப்பது சபை. ஆனால் அந்தச் சபையே சாதியாகப் பிரிந்து அமர்ந்திருக்கும்போது அதன் அழைப்பை எப்படி அளப்பது? இக்கேள்வியை விட்டன்பர்க்கில் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன் இரண்டு வகையில் இச்சிக்கலை ஆழமாக்கியது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், மிஷனரிமார் பல்கலைக்கழகக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அதற்காகவே 1848இல் மிஷனின் தலைமையிடத்தை டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்குக்கு மாற்றினார். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்த பெரும் தமிழறிஞர். அதே கிரவுல் சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற நிலைப்பாட்டுக்கும் துணைநின்றார். ஏனைய புரொட்டஸ்டண்ட் மிஷன்கள் எதிர்த்தன. உள்ளிருந்தே எதிர்த்த கார்ல் ஓக்ஸ் விலகிப்போய், பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு சேர்ந்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அந்தப் பிளவில் இருக்கிறது. ஆழ்ந்த படிப்பு தானாகவே ஊரின் தீர்ப்பிலிருந்து விடுவிக்காது என்பதற்கு கிரவுலே சான்று. தமிழை அவ்வளவு கற்றவர் தமிழ்ச் சபையின் நோயை இயல்பு என்று எடுத்துக்கொண்டார்.

இருபதாம் நூற்றாண்டில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. மிசோரி சினாட் மிஷன் 1924இல் நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரியைத் தொடங்கியது. சென்னைக் குருகுலம் 1927இல் தோன்றி, 1953 முதல் இந்திய லுத்தரன் சபைகளுக்குப் பொதுவானதாயிற்று. 1938இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாடு இறையியல் கல்வியைத் திருச்சபைப் பணியின் மிகப் பலவீனமான இடங்களுள் ஒன்றாகக் கண்டது. அதன்பின் வந்த சீர்திருத்தங்கள் தரத்தை உயர்த்துவதையே இலக்காகக் கொண்டன. தரத்தின் அளவுகோல் செராம்பூர்ப் பட்டம் ஆயிற்று. பாப்டிஸ்டுகளின் செராம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை 1827இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தால் வந்தது. தரங்கம்பாடியும் அன்று அதே அரசின் கீழ்தான். பாப்டிஸ்டுகளுக்குக் கிடைத்த டேனிஷ் சாசனம், டேனிஷ் மிஷனின் வாரிசுகளான தமிழ் லுத்தரன்களுக்குச் சுற்றிவளைத்து வந்து சேர்ந்தது.

பட்டத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ராஜநாயக்கன் இன்று இருந்தால் அவரை ஒரு தேர்வுத்தாள் காப்பாற்றும். விடைத்தாள் திருத்துபவருக்கு எழுதியவரின் தெரு தெரியாது. தலித் மாணவர்கள் இறையியல் கல்லூரிகளுக்குள் பெருவாரியாக வந்து, தலித் இறையியல் என்ற துறையை உருவாக்கி, அதன் வழியாகச் சபையையே கேள்வி கேட்க முடிந்ததற்குக் கல்லூரி ஊரிலிருந்து விலகி நின்றதும் ஒரு காரணம். பழைய உபதேசியார் முறையை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இந்த விலகலை வெறும் இழப்பாக எழுதுகிறார்கள். அது பாதி இழப்பு, பாதிக் கவசம்.

இழப்பும் உண்மையே. அது கண்ணில் படும் இடம் பிரசங்கம். ஆங்கில நூல்களில் இறையியல் படித்தவர் தமிழில் பேசும்போது வாக்கியம் பெயர்ப்பாகவே வருகிறது. இதை உணர்ந்தே மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. தென்னிந்தியத் திருச்சபையோடு லுத்தரன் சபைகளும் அதில் பங்குகொண்டன. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, சேரிகளிலும் கிராமங்களிலும் தங்கிக் கற்கும் ஏற்பாட்டையும் அக்கல்லூரி வகுத்தது. அங்கே கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், நாட்டுப்புற இசையிலேயே ஆராதனை முறையை அமைத்து, ஒரே உலையில் பொங்கி உண்பதை இறையியலாகவே பேசினார். திருவிருந்தில் ராஜநாயக்கனுக்கு நேர்ந்ததை அறிந்தவருக்கு அந்தப் பேச்சின் கூர்மை புரியும்.

ஆயினும் அரசரடியின் ஏற்பாட்டிலும் களம் படிப்பின் நடுவில் வருகிறது, மாணவர் ஏற்கெனவே வருங்கால ஆயர் என்ற அடையாளத்தோடு போகிறார். தெருவில் அவருக்கு 'ஐயா' என்ற மரியாதை முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. ஆரோனுக்கு அப்படியொரு முன்பணம் இருக்கவில்லை. பெயரும் பதவியும் உறுதியாகாத நிலையில் மறுப்பைச் சந்திப்பவர் கற்பது வேறு.

ஆகவே என் முன்மொழிவு வரிசையைப் பற்றியது. குருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் கல்லூரிக்குமுன் சில ஆண்டுகள் உபதேசியாராகவோ சபைப் பள்ளி ஆசிரியராகவோ விடுதிக் காப்பாளராகவோ, தம் சொந்தச் சாதியார் பெரும்பான்மையாக இல்லாத குருசேகரத்தில் பணிசெய்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால் திட்டமே வீண். அந்தச் சபையின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அது தீர்ப்பாகக் கூடாது. வேறு குருசேகரத்தார் இருவரும் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் அமர்ந்து அதை எடைபோட வேண்டும். களத்தில் அவர் எழுதிவைத்த கேள்விகளே முதலாண்டு வகுப்பின் மூலப்பாடமாகலாம். பெண் விண்ணப்பதாரருக்கும் இதே வழி பொருந்தும். வீட்டுச் சந்திப்பையும் பெண்கள் ஐக்கியத்தையும் தாங்கிவருபவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால் கூடுதலாகவே பொருந்தும்.

இரண்டு மறுப்புகள் எழும். பயிற்சிக்காலம் நீளும், ஏழைக் குடும்பத்து இளைஞர்கள் காத்திருக்க இயலாது என்பது ஒன்று. அந்த ஆண்டுகளுக்கு உபதேசியார் சம்பளம் கொடுத்தால் இது தீரும். கொடுக்க மனமில்லாத திருச்சபைக்கு மிஷன் பற்றிப் பேச உரிமை குறைவு. மற்றது, செனட்டின் விதிகளுக்குள் இதற்கு இடமில்லை என்பது. செனட் வகுப்பது பாடத்தையும் தேர்வையும் பட்டத்தையும்தான். எவரை, எந்த வயதில், எந்த அனுபவத்துக்குப் பிறகு பரிந்துரைத்து அனுப்புவது என்பது ஒவ்வொரு திருச்சபையின் பேராயரும் ஆலோசனைச் சங்கமும் தீர்மானிப்பது. அதற்குச் செராம்பூருக்கு ஒரு கடிதம்கூட எழுத வேண்டியதில்லை.