மல்லனின் மூலை: ஒரு முயலும் ஒரு பிளாஸ்டிக் தட்டும்

போன வருஷம் ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளை முயல் வந்தது. பொத்தேரி பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படித்த ஒரு பையன், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது "யாராவது எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். என் மகள் ஏழாம் வகுப்பு. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரம்தான் மாமல்லபுரம் போய் வந்திருந்தோம். அதனால் மாமல்லன் என்று பெயர் வைத்தாள். சுருக்கமாக மல்லன்.

வந்த மறுநாளே பிரச்சினை ஆரம்பித்தது. சோபாவில் மூத்திரம், மகளின் மெத்தையில் மூத்திரம், டிவி மேஜைக்குப் பின்னால் குவியலாகப் புழுக்கை. மூன்றாம் நாள் டைல்ஸ் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டை. ரத்தம் என்று நினைத்து மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் சிரித்தார். தின்கிற தழையில் உள்ள நிறமிகளால் முயலின் சிறுநீர் மஞ்சளாக, ஆரஞ்சாக, சில நாள் சிவப்பாகக்கூட வருமாம். அது காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிவதற்கும் காரணம் உண்டு. உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடுகிற உடம்பு அதற்கு.

நோய் இல்லை என்று தெரிந்தது. ஆனால் நாற்றம் இருந்தது. கடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கி, கோவளத்திலிருந்து ஒரு பை கடல் மணல் கொண்டுவந்து கொட்டினேன். மல்லன் அதில் ஏறிப் படுத்துத் தூங்கினான். எழுந்து போய் சோபாவில் மூத்திரம் பெய்தான். அடுத்து மர இழைப்பகத்தில் மரத்தூள் வாங்கிப் போட்டேன். அவன் தும்மினான், நாங்களும் தும்மினோம். அதட்டிப் பார்த்தேன். பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு அங்கேயே பெய்தான்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "டேய், ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாடா. முயல்தானே, காட்டுல பொழச்சிக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொளவாய் ஏரிக்கரை நிறைய நாய்கள் என்பதால் வேண்டாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அட்டைப்பெட்டியில் மல்லனை வைத்து, திருக்கழுக்குன்றம் சாலையில் கிளம்பினேன். மகளிடம் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லியிருந்தேன். இருட்டிவிட்டது. புதர்க்காடு ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியைத் திருப்பினபோது ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. நிஜக் காட்டு முயல். பழுப்பு உடம்பு, நீளமான கால்கள், காதுக்குப் பின்னால் பிடரியில் கறுப்புத் திட்டு. ஒரு நொடி உறைந்து நின்றது. அடுத்த நொடி மூன்று தாவலில் காணாமல் போனது. பின் சீட்டில் மல்லன் அட்டைப்பெட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வேகத்தையும், இந்தக் குண்டு வெள்ளைக்காரனையும் சேர்த்து யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பிராணி மாதிரி தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன்.

நான் பி.இ. படித்தவன். உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்தது. அதனால் எனக்கு இது பெரிய செய்தி: இரண்டும் ஒரே பிராணி இல்லைதான். நம் காட்டு முயலுக்கு 1823ல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஃப்ரெடெரிக் குவியே வைத்த பெயர் லெபுஸ் நிக்ரிகோலிஸ், அதாவது கருங்கழுத்து முயல். மல்லன் ஐரோப்பியக் குழிமுயல், ஒரிக்டோலாகுஸ் குனிகுலுஸ். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், குழிமுயலுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பளவு பள்ளத்தில் பதுங்கிக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். குழிமுயல் வளைக்குள் கூட்டமாக வாழ்கிற ஜாதி. அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும்.

தமிழில் இரண்டுக்கும் 'முயல்' என்று ஒரே சொல்லைப் புழங்குகிறோம். அதில் தப்பு இல்லை. நம் ஊரில் இருந்தது ஒன்றுதானே. புறநானூற்றின் 34ஆம் பாட்டில் சுட்டுத் தின்னப்படும் குறுமுயல், திருக்குறள் 'படைச்செருக்கு' அதிகாரத்தில் அம்பு படுகிற கானமுயல், பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் வேட்டை நாய்களையே திருப்பித் துரத்திய முயல், நிலாவில் தெரிகிற முயல் எல்லாமே காட்டு முயல்தான். மல்லனின் சொந்தக்காரர்கள் யாருமே அந்தப் பட்டியலில் கிடையாது.

அப்படியானால் மல்லனின் ஊர் எது? ஸ்பெயினும் தெற்கு பிரான்சும். ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் (கி.பி. 117–138) வெளியிட்ட ஒருவகை நாணயத்தில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாக உட்கார்ந்திருப்பாள். காலடியில் ஒரு முயல் இருக்கும். ஒரு நாட்டுக்கே அடையாளமாகிற அளவுக்கு அங்கே முயல் மலிந்திருந்தது. பலேரிக் தீவுக்காரர்கள் முயல் தொல்லை தாங்காமல் அகஸ்டஸிடம் படை உதவி கேட்டார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். சோபா நாசமானவன் என்ற முறையில் அவர்கள் வேதனை எனக்குப் புரிகிறது.

முயல் எப்போது வீட்டுப் பிராணியானது என்பதற்கு ரொம்ப நாளாக ஒரு கதை சொல்லி வந்தார்கள். கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, முயல் குட்டி இறைச்சி ஆகாது, அது மீன் கணக்கு, நோன்பு நாளில் தின்னலாம் என்று அறிவித்தாராம். உடனே துறவிகள் மடங்களில் முயல் வளர்க்க ஆரம்பித்தார்களாம். நம் பக்கம் மகேந்திரவர்மன் பட்டத்துக்கு வந்த காலம் அது. கேட்க அழகான கதை. ஆனால் 2018ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூல ஆவணத்தைத் தேடிப் போனபோது அப்படி ஒரு அறிவிப்பே இல்லை. தூர் நகரத்து கிரிகோரி என்ற வேறொரு கிரிகோரி, ஒருவன் நோன்புக் காலத்தில் முயல் குட்டி தின்றதைப் பற்றி எழுதியிருந்தார். அவ்வளவுதான். ஒரு கிரிகோரி இன்னொரு கிரிகோரியாக மாறி, எல்லோரும் அதையே நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதைக் காப்பி-பேஸ்ட் பிழை என்போம். முயல் ஒரே நாளில் வீட்டுக்கு வரவில்லை, பல நூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது என்பதுதான் அவர்கள் முடிவு.

சரி, இதற்கும் என் சோபாவுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது.

1859 கிறிஸ்துமஸ் சமயம் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணை முதலாளிக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் சுமார் 24 முயல்கள் வந்தன. விக்டோரியாவில் உள்ள தன் பண்ணையில் வேட்டையாட விட்டார். ஐம்பது வருஷத்துக்குள் அவை கண்டம் முழுக்கப் பரவி மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்க வேலி போட்டார்கள். முதல் வேலியின் நீளம் மட்டும் 1,833 கிலோமீட்டர். முயல்கள் அதற்கு முன்பே தாண்டியிருந்தன. 1950ல் மிக்சோமா வைரஸைப் பரப்பிக் கொன்றார்கள். தப்பியவை எதிர்ப்புச் சக்தியோடு திரும்பி வந்தன.

அதோடு எதிரியைப் புரிந்துகொள்ளவும் முயன்றார்கள். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ரோமன் மிகிடோவிச் என்ற விஞ்ஞானி, உக்ரைனில் பிறந்து புலம்பெயர்ந்தவர், 1950கள், 60களில் வருஷக்கணக்காக முயல் புழுக்கையை ஆராய்ந்தார். அவர் கண்டது இதுதான். மேயும்போது அங்கங்கே சிதறும் புழுக்கை வேறு, குறிப்பிட்ட இடத்துக்கு வந்து குவியலாகப் போடும் புழுக்கை வேறு. குவியலில் போடுவதில் மலவாய்ச் சுரப்பியின் வாசனை ஏறியிருக்கும். கூட்டத்தின் பெரிய கடுவன்கள்தான் அந்த மேடுகளுக்கு அதிகம் வரும், அந்தச் சுரப்பியும் அவற்றுக்குத்தான் பெரிது. புழுக்கை மேடு என்பது எல்லைக் கல். "இது எங்க இடம்" என்கிற பட்டா. தாடையைப் பொருள்களின் மேல் தேய்ப்பதும் அதே வேலைக்குத்தான்.

அதைப் படித்தபோது மல்லன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று புரிந்தது. அவன் அசிங்கம் பண்ணவில்லை. புது வீட்டில், தெரியாத மனுஷர்களின் வாசனைக்கு நடுவில், தனக்கு ஒரு முகவரி எழுதிக்கொண்டிருந்தான். நான் தினமும் டெட்டால் போட்டு அதை அழித்துக்கொண்டிருந்தேன். அவன் மறுபடியும் எழுதினான். நான் அதட்டியபோது பயந்து இன்னும் அதிகமாக எழுதினான்.

இப்போது வழி கிடைத்துவிட்டது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது? இங்கே எனக்கு மாமல்லபுரம் உதவியது. பெரும் பாறைச் சிற்பத்தில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு கன்றை நக்கிக்கொடுக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவனால்தான் அதைச் செதுக்க முடியும். நான் மல்லனை ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை. விடுமுறை போட்டு மூன்று நாள் உட்கார்ந்து, எங்கே, எப்போது என்று குறித்துவைத்தேன். பாதிக்கு மேல் இரண்டே இடங்கள்: டிவி மேஜைக்குப் பின் மூலை, மெத்தையின் சுவரோர முனை. இரண்டும் மூலை, இரண்டும் சுவர் பக்கம்.

அப்புறம் செய்தவை இவை.

முதலில் வீட்டைச் சுருக்கினேன். ஹாலில் கால்வாசியை அட்டையால் தடுத்து அவனுக்கு ஒதுக்கினேன். எல்லை சின்னதானால் குறிக்க வேண்டிய இடமும் குறைவு.

தட்டை நான் விரும்பிய இடத்தில் வைக்காமல், அவன் தேர்ந்தெடுத்த மூலையிலேயே வைத்தேன். அடியில் நாளிதழ், மேலே வைக்கோல். மூத்திரம் துடைத்த காகிதத்தையும் ஒரு கைப்பிடிப் புழுக்கையையும் அதில் போட்டேன். அவன் கையெழுத்து அங்கே இருக்கட்டும் என்று. கழுவும்போதும் கொஞ்சம் விட்டுவைத்தேன். மற்ற இடங்களை மட்டும் வினிகரால் துடைத்தேன். வினிகர் அந்தச் சுண்ணாம்புப் படிவத்தையும் கரைக்கும், வாசனையையும் எடுக்கும்.

தட்டின் தலைமாட்டில் காய்ந்த புல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடுகிற பிராணி. ஒரு நாளைக்கு 200, 300 போடும். சாப்பாடு எங்கேயோ கழிப்பிடமும் அங்கே. இந்த ஒரு மாற்றம்தான் பாதி வேலையைச் செய்தது. அதுவரை தினமும் கட்டுக் கட்டாகக் குதிரை மசால் கொடுத்துவந்தேன். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதைக் குறைத்துப் புல்லுக்கு மாற்றியதும் வெள்ளைப் படிவமும் குறைந்தது.

பூனைக்கு விற்கிற, நனைந்தால் கட்டியாகிற களிமண் வேண்டாம். முயல் எதையும் கடித்துப் பார்க்கும், அது வயிற்றுக்குள்ளேயும் கட்டியாகும். காலையில் அவன் திராட்சைக் கொத்து மாதிரி மெதுவான ஒன்றைப் பின்பக்கத்திலிருந்தே வாயில் எடுத்துத் தின்றால் தடுக்காதீர்கள். அது கழிவில்லை, குடலில் நுண்ணுயிர்கள் தயாரித்த சத்து. இரண்டாவது சுற்றில்தான் அது உடம்பில் சேரும்.

கடைசியாக, முயல்களுக்குச் செய்து பழக்கப்பட்ட ஒரு மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்தோம். எல்லை குறிக்கிற வெறி அதன் பிறகு சில வாரங்களில் தணிந்தது.

நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. நம் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முயல் வளர்க்கிறார்கள். பண்ணைகளில் இந்தப் பிரச்சினை ஏன் பேசப்படுவதில்லை? பதில் எளிது. பண்ணைக் கூண்டின் தரை கம்பி வலை, புழுக்கை கீழே விழுந்துவிடும். முயல் எங்கே போகிறது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்குள் சுதந்திரமாக விட்டு வளர்க்கும்போதுதான் இந்தக் கேள்வியே வருகிறது. அதனால் அதற்கான பதில்களும் புதியவை. பூனைத் தட்டுக்கான களிமண்ணை அமெரிக்காவில் எட்வர்ட் லோ விற்க ஆரம்பித்தது 1947ல். வீட்டு முயலுக்கென்று மரினெல் ஹாரிமன் கையேடு எழுதியது 1985ல். என் வயசை விடக் குறைவு.

யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. என் முயலை நான் புரிந்துகொள்ள உதவியது முயல்களை நேசித்தவர்களின் எழுத்து மட்டும் இல்லை. அவற்றை ஒழிக்க நினைத்தவர்களும் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் வைத்துக் கொஞ்சிய நான் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். காட்டில் விட்டிருந்தால் முதல் ராத்திரியே நாய்க்கோ நரிக்கோ போயிருப்பான், ஓடவும் தெரியாது, பதுங்கவும் தெரியாது, நிறமும் வெள்ளை என்றேன். தப்பித் தவறிப் பிழைத்துப் பெருகியிருந்தால் அது ஆஸ்திரேலியக் கதை. இரண்டும் வேண்டாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கொத்துமல்லித் தண்டை அவரே கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தார்.

மகளிடமும் அன்றைக்கு எங்கே போனேன் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மல்லன் மாதிரி அவளும் சீக்கிரம் மன்னிப்பாள் என்று நினைத்தது என் தப்பு.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. தடுப்பு அட்டையை எடுத்துவிட்டோம். மல்லன் வீடு முழுக்கத் திரிகிறான், வேலைக்கு மட்டும் தன் மூலைக்குப் போய்விடுகிறான். புது விருந்தாளி வந்தால் சோபாவுக்குப் பக்கத்தில் நாலு புழுக்கை போட்டுவிட்டுத்தான் நகருவான். அதை நான் கூட்டி எடுத்து அவன் தட்டிலேயே போட்டுவிடுகிறேன்.