அரிப்பு

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகளை ஹுல்ச் படித்துப் பதிப்பித்திருக்கிறார். பொன் இவ்வளவு, முத்து இவ்வளவு என்று முடிந்துவிடும் என நினைத்துத்தான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். அப்படி இல்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று, கோத்த முத்துகளை ரகம் பிரித்து எண்ணி வைத்திருக்கிறார்கள். முழு உருண்டை வட்டம். அதற்குக் கொஞ்சம் குறைந்தது அனுவட்டம். எந்த இடத்தில் வட்டம் முடிந்து அனுவட்டம் தொடங்குகிறது? கல்வெட்டு சொல்லவில்லை. அதை வகை பிரித்தவரின் கண்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

பருமனுக்கு மட்டும் கண்ணை நம்ப வேண்டியிருக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும், பிரிட்டிஷ் காலம் வரைக்கும், முத்து வியாபாரிகளிடம் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. சின்னக் கிண்ணம் மாதிரி, அடியில் துளைகள். ஒரு முழு வரிசைக்குப் பத்துச் சல்லடை: 20 துளை, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. கிண்ணத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் துளை கூடக் கூட ஓட்டை சிறுத்துக்கொண்டே போகும். இருபதில் நிற்பது பெருமுத்து. ஆயிரத்திலும் நிற்காமல் விழுவது தூள். பிறகுதான் உருவமும் ஒளியும் பார்த்து ஆணி முதலான தரம் பிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் மாவு சலிக்கிற சல்லடைக்கு அரிப்பு என்றுதான் பெயர். எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார்ப் பகுதியில், அரிப்பு என்றே ஓர் ஊர் இருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய கவர்னர் ஃபிரடெரிக் நார்த் மாளிகை கட்டியது அங்கேதான். ஊர்ப்பெயருக்கும் சல்லடைக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. சொல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் மீன்வளம் படித்த என் சித்தி மகள் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வைத்து ஆய்வு செய்கிறாள். ஒரு தட்டில் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர். எத்தனை பிழைத்திருக்கிறது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வாராவாரம் கணக்கு வேண்டும். "அண்ணே, இத எண்ணி முடிக்கறதுக்குள்ள கண்ணு போயிரும். மைக்ராஸ்கோப்போட வந்த சாஃப்ட்வேர் ஒண்ணு எண்ணித் தருது. ஆனா எப்படி எண்ணுச்சுன்னு சார் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். அந்த மென்பொருளை நானும் திறந்து பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் 212 என்று வருகிறது. ஏன் 212, ஏன் 230 இல்லை? அதற்கு உள்ளே நுழைய வாசலே இல்லை. "இமேஜ்ஜே போடு" என்றேன்.

இமேஜ்ஜேயின் கதை அமெரிக்க அரசு ஊழியர் ஒருவரின் கதை. வேய்ன் ராஸ்பேண்ட், தேசிய சுகாதார நிறுவனங்களில் வேலை பார்த்தவர். முதலில் பிடிபி-11 என்ற கணினியில் படங்களை அளக்க நிரல் எழுதினார். அது ஆய்வகங்கள் எளிதில் வாங்கக்கூடிய சாமான் இல்லை. 1987-ல் மேக்கின்டாஷுக்காக பாஸ்கல் மொழியில் மறுபடி எழுதினார். அதுதான் என்ஐஎச் இமேஜ். மேக் இல்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி விடாமல் துரத்த, 1997-ல் ஜாவாவுக்கு மாறினார். பெயரின் கடைசியில் இருக்கிற 'ஜே' அந்த ஜாவாதான். அமெரிக்க அரசு ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது. ஆகவே நிரல் பொதுச்சொத்து. யாரும் எடுக்கலாம், திறக்கலாம், மாற்றலாம். 2007 வாக்கில் சிலர் இதோடு நிறைய பிளகின்களைக் கட்டி ஒரே பொட்டலமாக்கி ஃபிஜி என்று பெயர் வைத்தார்கள். 'ஃபிஜி வெறும் இமேஜ்ஜேதான்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. இந்தச் சிரிப்பு எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டுமே வரும்.

அதில் துகள்களை எண்ணும் பெட்டியைத் திறந்தபோது எனக்குப் பித்தளைச் சல்லடைதான் ஞாபகம் வந்தது. முதல் வரியில் பருமன்: இதிலிருந்து இது வரை. அடுத்த வரியில் உருண்டைத்தன்மை: பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. பரப்பை நான்கு பையால் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. சரியான வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. வட்டம் முடிந்து அனுவட்டம் தொடங்குகிற இடத்தை இங்கே நாமே எண்ணாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ரொம்பச் சின்னத் துகள்களுக்கு இந்த எண்ணை நம்பாதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. நாலைந்து புள்ளிகளால் ஆன ஒரு பொட்டுக்குச் சுற்றளவு என்று எதைச் சொல்வது? தூள் இங்கேயும் தூள்தான்.

சிக்கல், ஒட்டிக்கொண்ட குஞ்சுகளில் வந்தது. இரண்டு சிப்பி தொட்டுக்கொண்டிருந்தால் கணினிக்கு அது ஒரே பெரிய சிப்பி. இதற்கு வாட்டர்ஷெட் என்ற வழி உண்டு. ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு குளமாக நினைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஆழம், ஓரத்தில் மேடு. தண்ணீர் ஏறும்போது இரண்டு குளத்து நீரும் சந்திக்கிற இடத்தில் வரப்புப் போடு. உருண்டைகளுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் சிப்பிக்குக் கீல் பக்கம் காது மாதிரி நீட்டல் உண்டே. அதையும் தனிக் குஞ்சாக வெட்டிவிட்டது. அதனால் வெட்டிய துண்டின் அளவைப் பார்த்து, காது என்றால் திரும்ப ஒட்டுகிற பிளகின் ஒன்றை எழுதினேன். பிளகின் எழுதுவது பெரிய வித்தை இல்லை. செட்அப், ரன் என்று இரண்டு செயல்கூறுகள் போதும். கோப்பின் பெயரில் ஓர் அடிக்கோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெனுவில் ஏறாது. ரோமன் எழுத்தில் அரிப்பு என்று அடித்து, கடைசியில் ஒரு கோடு போட்டேன்.

தங்கைக்கு அதைவிடப் பிடித்தது ரெக்கார்டர். நாம் அமுக்குகிற ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதிக்கொண்டே வரும். "அண்ணே, இத அப்படியே பின்னிணைப்புல போட்டுறலாமா?" என்றாள். போட்டாள். அதே படத்தையும் அதே வரிகளையும் வைத்து யார் ஓட்டினாலும் அதே எண் வரும். பிடிக்கவில்லை என்றால் எந்த வரியில் பிடிக்கவில்லை என்று சண்டை போடலாம்.

சண்டைக்கு வழி விட்டுத்தான் எங்கள் கடலிலும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 1900-களின் தொடக்கத்தில் இலங்கைப் பக்கம் மறிச்சுக்கட்டியில் குளிப்பு நடந்தபோது தமிழகக் கரையிலிருந்தும் குளியாட்கள் போனார்கள். 1905-ல் மட்டும் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். மாலையில் படகு திரும்பியதும், வேலி அடைத்த கொட்டகையில், குளியாட்களே தங்கள் சிப்பியை மூன்று சமக் குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அரசு ஆள் கை காட்டுவார். பிரிப்பது ஒருவர், தேர்ந்தெடுப்பது இன்னொருவர். அதனால் ஒரு குவியலைச் சிறுக்க வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. மற்ற இரண்டு குவியலும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். அதற்கும் முன்பே, மாதிரிக்கு எடுத்த சிப்பிகளை அழுக வைத்து, கழுவி, பித்தளை அரிப்பில் சலித்து மதிப்பிட்டு, அதன் விவரத்தை வியாபாரிகளுக்கு அறிவித்துவிடுவார்கள். குளியாளின் பங்கு மூன்றில் ஒன்றுதான், மூச்சு முழுக்க அவனுடையது. அந்த விகிதத்தை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணுகிற முறை எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. 1906-ல் இலங்கை அரசு அந்தப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்கு விட்டது. அடுத்த வருடத்துக்குப் பிறகு சிப்பியே இல்லை. கம்பெனியும் நிலைக்கவில்லை.

தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. 1973-ல் அழகர்சுவாமி வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார். இப்போது சிப்பி என்றால் பெரும்பாலும் பொரிப்பகம்தான். அங்கேயும் இளம் உயிரிகளைக் கண்ணி அளவு மாற்றி மாற்றிச் சலித்துத்தான் பிரிக்கிறார்கள்.

என் பிளகினால் முடியாதது ஒன்று இருக்கிறது. குளிர்ந்த நீர், சிவந்த நீர். முத்தின் மேல் விழுகிற வெளிச்சப் பொட்டு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று அளக்க முயன்றேன். விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் எண் மாறிவிடுகிறது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வெள்ளைத் துணி கட்டிய ஒரு விளக்குப் பெட்டி செய்ய வேண்டும். தங்கை ஏற்கெனவே அட்டைப்பெட்டி எடுத்து வைத்திருக்கிறாளாம்.