மெழுகுதிரித் திருநாளும் நாமும்

பெப்ரவரி 2 என்றதும் எம் பழைய மாணவியர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மந்திரித்த மெழுகுதிரியின் வாசனையே. கிறிஸ்து பிறப்பின் நாற்பதாம் நாளான அன்று, மரியாளும் சூசையப்பரும் குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்தில் ஒப்புக்கொடுத்ததைத் திருச்சபை நினைவுகூருகிறது. குழந்தையைக் கையிலேந்திய முதியவர் சிமியோன், எல்லா இனத்தாருக்குமான ஒளியை அவரில் கண்டார் என்கிறது லூக்கா நற்செய்தி. அவ்வொளியின் அடையாளமே நம் கையிலிருந்த திரி.

நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எஜேரியா என்னும் பெண்ணின் குறிப்புகளிலேயே இத்திருநாள் காணப்படுகிறது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசராயிருந்த முதலாம் செர்ஜியுஸ் உரோமையில் இதற்குப் பவனியை ஏற்படுத்தினார். எமது மூத்த மாணவியர் இதனைத் தேவமாதாவின் சுத்திகரத் திருநாள் என்றே அறிந்திருந்தனர். 1969ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தின் பின் இது ஆண்டவரைக் காணிக்கையாக அளித்த விழாவாயிற்று.

காலைப்பனி விலகுமுன் வெள்ளைச் சீருடையுடன் மண்டப வாசலில் வரிசையாக நிற்போம். சுவாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்தபின், ஒளி திரிக்குத் திரி கைமாறும். உள்ளங்கையால் காற்றை மறைத்தபடி சிற்றாலயம்வரை நடப்போம். அணைந்தால் பக்கத்தில் வருபவளிடம் பற்றவைத்துக்கொள்ளலாம். அதற்காக எவரும் ஏசியதில்லை. "எங்கட விளக்கீடு மாதிரி" என்று சைவத் தோழியரும் எம்மோடு நடந்தனர். மறுநாள் புனித பிளேசியார் திருநாளில், மந்திரித்த இரு திரிகளைக் குறுக்காகத் தொண்டையில் வைத்து ஆசீர்வதிப்பார்கள்.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களில் மெழுகுதிரியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்நாட்களில், எஞ்சிய துண்டுகளை உருக்கி வார்த்த சில திரிகளே எமக்குக் கிடைத்தன. ஒருத்திக்கு ஒன்று என்றிருந்தது வகுப்புக்கு ஒன்றாயிற்று. வகுப்பு முழுவதும் அந்த ஒரு சுடரின் பின்னே நடந்தது. பவனி மட்டும் நிற்கவில்லை. செல் விழுந்த இரவுகளில் பங்கருக்குள் அம்மாமார் ஏற்றியதும் அத்திருநாளின் திரித்துண்டையே. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், சான்றிதழ்களோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் எம்மில் உண்டு.

இன்று எம்மில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறைபனிக்குள் இத்திருநாளைக் காண்கிறோம். வரிசை கலைந்து நெடுநாளாயிற்று. ஆயினும் நூறு ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவருவது அன்று நாம் பவனியில் செய்ததையே: அணைந்தவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் தன் திரியைச் சற்றுச் சாய்த்துக் கொடுக்கிறாள்.