அண்ணத்தில் தடவிய ஈத்தம்பழம்

பிள்ளை பிறந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு சின்னத் தகராறு வருவதுண்டு. "ஒரு சொட்டுத் தேன் தொட்டு வைங்கோ மகள், அது சுன்னத்து" என்பார் உம்மம்மா. தேன் வைக்கவே வேண்டாமென்று வார்டில் மிஸ்ஸி சொல்லி அனுப்பியிருப்பார். பிள்ளைத்தாய் நடுவில் தவிப்பாள். ஹதீஸ் கிரந்தங்களைப் புரட்டினால் இந்தத் தகராறுக்கே இடமில்லை.

'ஹனக்' என்றால் அண்ணம், அதாவது மேல்வாய். தஹ்னீக் என்ற சொல் அதிலிருந்து வந்தது. அஸ்மா (ரழி) நிறைமாதத்தோடு மக்காவிலிருந்து புறப்பட்டு வந்து, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்றார்கள். முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதற்பிள்ளை அவர். நபி (ஸல்) அவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஈத்தம்பழம் கேட்டார்கள். அந்த ஒரு பழம் கிடைக்கச் சற்று நேரம் தேட வேண்டியிருந்ததாம். ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு இது. வந்தவர்களின் அன்றைய வறுமை இதில் தெரிகிறது. பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தடவி, துஆச் செய்தார்கள்.

அபூதல்ஹாவின் வீட்டுச் சம்பவம் இன்னும் நுட்பமானது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பின் உம்மு ஸுலைம் (ரழி) பெற்ற மகன். நபியவர்களிடம் கொண்டுபோகுமுன் யாரும் பாலூட்டக் கூடாதென்று சொல்லி, அனஸிடம் கொடுத்தனுப்பினார்கள். பழம் வாயில் பட்டதும் பிள்ளை நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டியது. அன்ஸாரிகளுக்கு ஈத்தம்பழத்தில் உள்ள ஆசையைப் பாருங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். ஒரு சிசு முதன்முதலாகச் சுவை அறிந்த கணத்தை ஒரு சமூகம் இத்தனை கவனமாகப் பதிந்து வைத்திருக்கிறது.

இரண்டு சம்பவத்திலும் தேன் இல்லை. ஈத்தம்பழமே சிறந்தது, கிடைக்காவிட்டால் அதற்கு நெருங்கிய இனிப்பு என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (மறைவு 1277) எழுதியது. கப்பலில் வரவேண்டிய பழத்துக்குப் பதிலாக, இந்த நாட்டில் தேன் அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிங்கள வீடுகளில் தாய்ப்பாலில் பொன் உரைத்து 'ரன்கிரி' தொட்டு வைப்பார்கள். முதற்சுவை விசேஷமாயிருக்க வேண்டுமென்ற ஆசை எல்லோருக்கும் பொது.

சிசுக்களின் குடலில் பொட்டுலிசக் கிருமி வளர்ந்து நஞ்சு சுரந்து தசைகளைத் தளர்த்தும் நோய் 1976இல் கலிபோர்னியாவில் இனங்காணப்பட்டது. அக்கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். சாதாரணமாய்க் காய்ச்சினாலும் அவை சாகா. ஒரு வயது வரை தேன் கூடாதென்பது அதனால்தான். மிஸ்ஸி சொன்னது மாற்றுப் பண்டத்தைத்தான், தஹ்னீக்கை அல்ல. இப்போது ஈத்தம்பழம் ஊர்க்கடையிலேயே கிடைக்கிறது. டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உம்மம்மா கையைக் கழுவிக்கொண்டு, நன்றாக மசித்ததில் கடுகளவு தடவட்டும்.